குடியானவர் கடனும் மாதவாரி வரவு செலவுக் கணக்கும்

பயிர்த்தொழிலில் நஷ்டமடைந்து கடன்பட்டவர் உண்டு. இலாபமடைந்தும் கடன்பட்டவர் உண்டு. முன்னவர் கதையை ஊரார் அறிவர். மழை பொய்த்தது, பூச்சி விழுந்தது, விலை சரிந்தது என்று அதற்குக் காரணம் கூறிவிடலாம். பின்னவர் விஷயமே எளிதில் விளங்காதது. விளைச்சலிற் குறைவில்லை, விலையும் நியாயமானதே, ஆண்டு முடிவில் வரவையும் செலவையும் கூட்டிப் பார்ப்பின் மிச்சமே தென்படுகிறது, ஆயினும் மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கிறது, விளைந்த பொருள் விளைந்த வாரத்திலேயே வேறொருவர் சொன்ன விலைக்குப் போய்விடுகிறது. இக்குடும்பங்கள் கெடுவதற்குப் பணம் குறைவாயிருப்பது மாத்திரம் காரணமன்று. பணம் வரும் மாதமும் பணம் வேண்டும் மாதமும் வேறாயிருப்பதே பெரும்பாலும் காரணம். ஆண்டுக் கணக்கு இதைக் காட்டாது. மாதக் கணக்கே காட்டும்.

குடியானவர் கடனைப்பற்றி ஆராய்ச்சிக்குக் குறைவு இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் விவசாய வங்கிகளைப்பற்றித் தம் அறிக்கையின் முதற்பாகத்தை 1895-இல் வெளியிட்டார். 1904-இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்து, அவ்வாண்டிலேயே திரூரில் கிராமச் சங்கம் ஏற்பட்டது. 1935-இல் ஸத்தியநாதன் அறிக்கை வந்தது. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. பிற்காலத்தில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. கடைசியாகச் சொன்னதில் மட்டும் 16.43 இலட்சம் குடியானவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடியாக அறிவிக்கப்பட்டது. இவையாவும் துன்பத்தைத் தணித்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை எல்லாம் ஒரே கேள்வியையே கேட்டன: குடியானவர் எவ்வளவு பட்டிருக்கிறார்? அவர் எந்த மாதத்தில் கடன்பட்டார் என்பதை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பட்ட கடன் தீர்ந்த மறு ஆண்டிலேயே அதே மாதத்தில் அதே வேலைக்காக மீண்டும் கடன் ஏற்படுவதற்கு வழி திறந்தே இருந்தது.

இதை ஓர் உதாரணத்தைக்கொண்டு ஆராய்வது நலம். ஈரோட்டுப் பக்கத்தில் காலிங்கராயன் வாய்க்காற் பாசனத்தில் ஐந்து ஏக்கர் சொந்த நிலமுடைய ஒரு குடியானவரை மனத்திற் கொள்க. இரண்டு ஏக்கரில் மஞ்சள். மிகுதியில் தீவனமும் வீட்டுக்கு வேண்டிய தானியமும். தொழுவத்தில் இரண்டு கறவை. பின்வரும் தொகைகள் கணக்கு விளங்கும்பொருட்டு வைத்துக்கொண்டவையே. ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கூலியையும் விலையையும் அவ்விடங்களில் இட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஏக்கர் மஞ்சளுக்கு விதைக் கிழங்கு 40,000 ரூபாய். உழவும் பார் பிடித்தலும் 16,000. தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு, இரசாயன உரம் ஆகியவை 36,000. நடவுக்கும் நான்கு களையெடுப்புக்கும் 60,000. மருந்தும் மோட்டார் பழுதும் 12,000. கிழங்கு வெட்ட 40,000. வேகவைத்துக் காயவைத்து மெருகேற்ற 28,000. சாக்கும் வண்டிக் கூலியும் 8,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். ஏக்கருக்குப் பதப்படுத்திய மஞ்சள் 20 குவிண்டாலாக 40 குவிண்டால் கிடைக்கிறது. குவிண்டால் 9,000 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய் வருகிறது. பாலில் தீவனச் செலவு போக மாதம் 6,000 ரூபாய் நிற்கிறது. வீட்டுச் செலவு மாதம் 12,000.

ஆண்டுக் கணக்கில் வரவு 4,32,000, செலவு 3,84,000, மிச்சம் 48,000. பயிர்ச் செலவை மஞ்சள் வரும்படியால் வகுத்தால் ஒரு ரூபாய் வரும்படிக்கு ஏறக்குறைய 67 காசு செலவு. இதுவே வியாபாரிகள் நடப்புச் செலவு விகிதம் என்று சொல்வது. ரூபாய்க்கு 33 காசு நிற்கும் தொழிலை எந்த வியாபாரியும் கெட்ட தொழில் என்று சொல்லமாட்டான். ஆண்டுக் கணக்கு இவ்வளவோடு நின்றுவிடுகிறது. குடியானவரும் நிம்மதியாய் உறங்கப் போகிறார்.

இனி அதே தொகைகளை மாதங்களிற் பிரித்து எழுதுக. வைகாசி பிறக்கும்போது கையில் 60,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அம்மாதத்தில் விதை, உழவு, அடியுரம், நடவு ஆகிய எல்லாம் சேர்ந்து 88,000 ரூபாய் போய்விடும். பால் வரும்படி போக வீட்டுக்கு 6,000. முதல் மாதமே கைமுதல் தீர்ந்து 34,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஆனியில் களையெடுப்பு, ஆடியில் களையும் மேலுரமும், ஆவணி, புரட்டாசியிலும் அவ்வாறே. புரட்டாசி முடிவில் துண்டு 1,28,000. ஐப்பசி முதல் தை வரை நிலத்துக்குப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் வீடு மாதந்தோறும் சாப்பிடத்தானே வேண்டும்? தை முடிவில் 1,58,000. மாசியில் வெட்டுக் கூலி சேர்ந்து 2,04,000. பங்குனியில் வேகவைத்து மெருகேற்றிச் சாக்குப் பிடித்து முடிக்கையில் 2,46,000. சித்திரையில் விற்றுப் பணம் வந்த பின்பே இந்தப் பள்ளம் நிரம்பி, கையில் 1,08,000 ரூபாய் நிற்கிறது. வைத்திருந்த 60,000-த்தோடு மிச்சம் 48,000-மும் சேர்ந்த தொகை அது.

ஆண்டுக்கு 48,000 மிச்சங் காட்டும் இத்தொழிலுக்குப் பங்குனி மாதத்தில் 2,46,000 ரூபாய் வெளியிலிருந்து வேண்டியிருக்கிறது. இவ்விரண்டு தொகைகளும் ஒரே நிலத்தின், ஒரே ஆண்டின் கணக்குகளே. முதலாவதை அறிந்தவர் பலர். இரண்டாவதை வைகாசியிலேயே அறிந்தவர் மிகச் சிலர்.

இத்தேவைக்குக் கடன் கொடுக்கும் ஏற்பாடு எப்படி இருக்கிறதென்பதையும் பார்க்க வேண்டும். 1998-இல் ஏற்பட்ட கிஸான் கடன் அட்டைத் திட்டத்தில், மாவட்டந்தோறும் ஒரு தொழில்நுட்பக் குழு பயிருக்கு ஏக்கர் வீதம் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. அதைப் பயிர்ப் பரப்பாற் பெருக்கி, அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக நூற்றுக்குப் பத்தும், பண்ணைச் சாமான்களின் பழுது பராமரிப்புக்காக நூற்றுக்கு இருபதும், காப்புறுதிக் கட்டணமும் சேர்த்துக் கடன் வரம்பு கணக்கிடப்படுகிறது. ஏக்கருக்கு 80,000 என நிர்ணயித்திருந்தால், காப்புறுதி நீங்கலாக இக்குடியானவரின் வரம்பு 1,60,000-த்தோடு 16,000-மும் 32,000-மும் சேர்ந்து 2,08,000 ஆகிறது. பழுது பார்க்கவென்று அளித்ததையும் பயிருக்கே செலவிட்டால் மாசி வரையில் இது போதும். அப்போதைய துண்டு 2,04,000 அல்லவா? பங்குனியில் போதாது. குறைவு 38,000.

அந்த 38,000 எங்கே வந்து குறைகிறதென்பதே கவனிக்கத்தக்கது. ஒன்பது மாதம் காத்துக் கிழங்கை வெட்டிக் குவித்தாயிற்று. வேகவைக்கும் ஆள் வந்து நிற்கிறான். வெந்து, காய்ந்து, மெருகேறினாலன்றி அது விலைப்பொருள் ஆகாது. வெட்டிய கிழங்கை நெடுநாள் போட்டுவைக்கவும் முடியாது. சங்கத்தின் பணம் தீர்ந்துவிட்டது. அன்று மாலை மண்டிக்காரரிடம் ஆள் போகிறது. அவர் மறுப்பதில்லை, வட்டிகூடப் பெரிதாகக் கேட்பதில்லை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றாலும் 38,000-த்துக்கு ஒரு மாத வட்டி 760 ரூபாயே. ஆனால் சரக்கு தம் மண்டிக்கே வரவேண்டுமென்ற வாக்கு அதோடு போய்விடுகிறது. அதன்பின் நான்கு இடங்களில் விலை கேட்கும் சுதந்தரம் குடியானவருக்கு இல்லை. நாற்பது குவிண்டாலில் குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைந்தால் 12,000 ரூபாய். வட்டி 760 என்று கணக்கில் எழுதியவர் இந்த 12,000-த்தை எங்கும் எழுதுவதில்லை. மண்டிக்காரரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. வேறொருவரும் கொடாத நாளில் அவர் கொடுத்தார், தம் பேரேட்டில் முறையாகப் பற்றும் எழுதிக்கொண்டார். அவருடைய பேரேட்டில் குடியானவருக்கு ஒரு பக்கம் உண்டு. குடியானவர் வீட்டில் எவருக்கும் ஒரு பக்கமும் இல்லை.

பங்குனிக் குறைவைச் சித்திரையிலேயே, அதாவது நடவுக்கு முந்தியே கண்டிருந்தால் செய்யக்கூடியவை இருந்தன. மஞ்சளினூடே சின்ன வெங்காயத்தை ஊடுபயிராக இட்டு ஆவணிக்குள் எடுத்துவிடலாம். செலவு போக 30,000 நின்றாலும் பங்குனிக் குறைவு 8,000-மாகச் சுருங்கிவிடும். அன்றி, முந்திய விளைவிலிருந்தே விதைக் கிழங்கை ஒதுக்கிவைத்தால் வைகாசியில் 40,000 ரூபாய் கைவிட்டுப் போகாது. விதைக்கென ஒதுக்கியது விலையில்லாதது என்று எண்ணிவிடலாகாது. பச்சைக் கிழங்கு பதப்படுத்தினால் ஐந்திலொரு பங்காகுமாகையால், இரண்டு ஏக்கருக்கு வேண்டிய 16 குவிண்டால் விதை, விற்றிருந்தால் 3.2 குவிண்டால் மஞ்சளாக ஏறக்குறைய 28,800 ரூபாய் தந்திருக்கும். அங்ஙனம் கழித்துப் பார்த்தும் வெளியில் வாங்குவதைவிட இலாபமே. அதனினும் பெரிது, பங்குனிக் குறைவு அறவே நீங்கிவிடுவது.

குடியானவருக்கு ரூபாய்க் கணக்கைவிடச் சரக்குக் கணக்கு எளிதில் மனத்திற் பதியும். சித்திரை வீட்டுச் செலவையும் சேர்த்துத் தீர்க்கவேண்டியது 2,52,000 ரூபாய். குவிண்டால் 9,000 விற்கும்போது இது 28 குவிண்டால். ஆகக் களத்திற் கிடக்கும் நாற்பதில் இருபத்தெட்டு, பார்ப்பதற்கு அவருடையதாயினும் உண்மையில் கடன்காரருடையது. அடுத்த வைகாசிக்கு வேண்டிய கைமுதல் 60,000-த்துக்கு ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. முழுதும் அவருக்கே உரியது ஐந்தே கால் குவிண்டாலும் சிறிதுமே. விலை 6,000-த்துக்கு இறங்கினால் கடன் தீர 42 குவிண்டால் வேண்டும்; இருப்பதோ நாற்பது. கைமுதலும் போய், இன்னும் 12,000 ரூபாய் கடன் நிற்கும்.

இதிலிருந்தே மூன்று அடிவிலைகள் கிடைக்கின்றன. பயிர்ச் செலவு 2,40,000-த்தை நாற்பதால் வகுத்தால் 6,000; இதற்குக் கீழே பயிரே நஷ்டம். 2,52,000-த்தை வகுத்தால் 6,300. இதற்குக் கீழே கடன் தீராது. பயிர்ச் செலவோடு, பால் வரும்படி போக எஞ்சும் ஆண்டு வீட்டுச் செலவு 72,000-த்தையும் சேர்த்து வகுத்தால் 7,800. இதற்குக் கீழே அடுத்த ஆண்டின் கைமுதல் கரையும். பெரும்பாலோர் அறிந்தது முதல் விலையை மட்டுமே. 7,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, செலவுக்கு மேல் குவிண்டாலுக்கு ஆயிரம் கிடைத்ததென்று மகிழ்பவர், 60,000 ரூபாயாய் இருந்த கைமுதல் 28,000-மாய்க் குறைந்ததை அடுத்த வைகாசியில்தான் உணர்வார். விளைச்சல் ஐந்திலொரு பங்கு குறைந்து 32 குவிண்டால் ஆயிற்றென்றால் மூன்றாவது அடிவிலை 9,750 ஆகிவிடும். அப்போது 9,000 என்ற நல்ல விலையும் போதாது.

மஞ்சளுக்கு அரசாங்கக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். அதன் விலை எவ்வளவு ஆடும் என்பதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டில் ஈரோட்டுச் சந்தையில் குவிண்டால் 15,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 2012-இல் 5,000-த்துக்கும் கீழே இறங்கியது. பதினைந்தாயிரத்தைக் கண்ட கண்கள் இன்னும் ஏறும் என்று காத்திருந்தன. மஞ்சளை நன்கு காயவைத்தால் இருப்பு வைக்கலாம். காய்கறிக்கு இல்லாத சௌகரியம் அது. ஆனால் அதே சௌகரியம்தான் பலரைக் கெடுத்தது. இருப்பு வைப்பதா விற்பதா என்ற கேள்விக்கு மேற்கண்ட சரக்குக் கணக்கே விடை தரும். கடன்காரருக்குரிய இருபத்தெட்டையும் கைமுதலுக்குரிய ஏழையும் வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருப்பது, பிறர் பணத்தைக்கொண்டு சூதாடுவதற்கு ஒப்பாகும். தமக்குரிய ஐந்தை எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளிலும் சரக்கை ஈடாக வைத்துக் கடன் பெறும் வசதி உண்டு. கிடங்குகளைப்பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் கிடங்கு ரசீதின்பேரில் வங்கிகளும் கடன் தருகின்றன. இவை நல்லவையே. எனினும் மெருகேறிய சரக்கே கிடங்கில் ஏறும். மெருகேற்றப் பங்குனியில் பணமில்லாதவருக்குக் கிடங்கின் கதவு திறப்பதில்லை. அன்றியும் ஈட்டுக்கடன் சரக்கின் மதிப்பில் ஒரு பகுதிதான் கிடைக்குமாகையால், விலை தாழ்ந்த ஆண்டில் அதைக்கொண்டு பயிர்க்கடன் முழுவதையும் தீர்த்துவிட இயலாது.

இதுவரை சொன்னது ஓராண்டிற் சுழலும் பணத்தைப்பற்றி. பல குடும்பங்களை முறித்தது இதனினும் வேறான ஒரு பிசகு: நெடுங்கால வேலைக்குக் குறுங்காலப் பணம் வாங்குவது. மேற்படி குடியானவர் ஆடி மாதத்தில் தண்ணீர் போதாதென்று ஆழ்துளைக் கிணறு இறக்குகிறார்; மோட்டாரோடு 2,40,000 ரூபாய். அவசரத்தில் எளிதாய்க் கிடைப்பது, ஓராண்டில் மொத்தமாய்த் தீர்க்கவேண்டிய நகைக்கடன். ஆண்டு மிச்சம் 48,000. கிணற்றினால் கூடுதலாக 30,000 வருமென்று வைத்துக்கொண்டாலும் 78,000. ஓராண்டில் 2,40,000-மும் வட்டியும் எங்கிருந்து வரும்? வராது. நகையைத் திருப்பி மறுபடியும் வைப்பார். அல்லது வேறிடத்தில் வாங்கி இங்கே கட்டுவார். அதே தொகையை ஏழு ஆண்டுத் தவணையில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 49,300 ஆகும். மிச்சம் 78,000-த்தைத் தவணையால் வகுத்தால் ஒன்றரைக்குச் சற்று மேல் வருகிறது. கடன் தாங்கும் சக்தியை அளக்கும் விகிதம் இதுவே; ஒன்றரைக்குக் குறையாதிருப்பதை வங்கிக்காரர் விரும்புவர். கிணற்றில் நீர் வராமற் போனால் 48,000-த்தை 49,300-ஆல் வகுக்க நேரும், ஒன்றுக்கும் குறைவு. ஆகவே இறக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, நீர் வராவிடில் இத்தவணையைப் பாலும் மஞ்சளும் தாங்குமா என்பது. பக்கத்துக் காட்டில் எத்தனை அடியில் நீர் வந்ததென்று விசாரிப்பவர் அநேகர். இதை விசாரிப்பவரைக் காண்பது அரிது.

கடன் சக்தியை நிலத்தின் மதிப்பைக்கொண்டு அளக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. அது மிகவும் ஏமாற்றத்தக்கது. ஏக்கர் முப்பது இலட்சம் என்றால் இக்குடியானவர் ஒன்றரைக் கோடிக்கு உரியவர். அவருடைய 2,46,000 ரூபாய்க் கடன் சொத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஐந்தொகை எழுதிப் பார்ப்பவர் இவரைப்போல் உறுதியான மனிதர் இல்லையென்பார். அப்படிப்பட்டவர்தாம் பங்குனியில் 38,000 ரூபாய்க்கு மண்டி வாசலில் நிற்கிறார். விற்க உத்தேசமில்லாத நிலத்தின் விலை, தவணை கட்ட உதவாது. ஒன்றரைக் கோடி மதிப்புள்ள நிலமும் இரண்டு கறவையும் வீட்டுச் செலவுக்கு முன் ஈட்டித் தருவது ஆண்டுக்கு 1,92,000. நூற்றுக்கு ஒன்றே காலுக்குச் சற்று அதிகம். நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்கிப் பக்கத்து ஏக்கரைக் கிரயம் செய்பவர், அந்த ஏக்கரின் விளைவால் அக்கடனைத் தீர்க்கவே முடியாதென்பது இதனால் விளங்கும். பிதிரார்ஜிதத்தை ஒட்டிய நிலம் என்ற ஆசை வேறு, கணக்கு வேறு.

பங்குனி முடிவில் கையிலுள்ள பணம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை அடுத்த பன்னிரண்டு மாதத்திற் கட்டவேண்டியதால் வகுத்துப் பார்க்கும் விகிதம் இதைவிட உண்மையானது. உதாரணத்தில் 3,60,000-த்தை 2,46,000-த்தால் வகுத்தால் ஒன்றரைக்கு அண்மையில் நிற்கிறது. விலை 6,000 ஆகிவிட்டால் ஒன்றுக்குக் கீழே போகிறது. நிலத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இதில் ஒரு மாறுதலும் இராது.

அரசாங்க விலை நிர்ணயத்தில் வழங்கும் செலவுக் கணக்குகளோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. கைப்பணச் செலவு, அதோடு குடும்பத்தாரின் உழைப்புக்குக் கூலி, இன்னும் சொந்த நிலத்துக்கு வாரமும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்த முழுச் செலவு என்று அவை பலவகை. எதன்மேல் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டுமென்ற விவாதம், 2004-இல் அமைந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணைக்குழுவின் காலந்தொட்டு நடைபெறுகிறது. விலை கேட்கும்போது முழுச் செலவைச் சொல்வதே நியாயம். கடன் வாங்கும்போது கைவிட்டுப் போகும் பணத்தையே பார்க்கவேண்டும். சொந்த நிலத்துக்கு வாரம் கேட்டு வாசலில் வந்து நிற்பவர் ஒருவரும் இல்லை.

கணக்கெழுதக் குடியானவருக்கு வராது என்று சொல்லிவிடுவது வழக்கம். 1989-இல் தருமபுரி மாவட்டத்திலே தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அச்சொல்லைப் பொய்யாக்கிவிட்டன. பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளே படித்த பெண்கள் சேமிப்புப் பேரேடும் கடன் பேரேடும் பிசகின்றி வைத்திருக்கிறார்கள். வியப்பு யாதெனில், குழுவிலே காசு பிசகாமற் கணக்கெழுதும் பெண்ணின் வீட்டில் வயற்கணக்கு ஆண்பிள்ளையின் சட்டைப் பையில் துண்டுக் காகிதங்களாய்க் கிடக்கிறது. அப்பேரேட்டின் பக்கத்திலேயே இன்னொரு நோட்டுப் புத்தகத்தை வைப்பது பெரிய காரியமன்று. வயலுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பத்திகள் மட்டும் தனித்தனியாக இருக்கவேண்டும். கல்யாணச் செலவும் களைக்கூலியும் ஒரே பத்தியிற் கலந்தால் எது எதைத் தின்றதென்பது தெரியாது.

இனிச் சங்கங்களும் இலாகாவும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பயிர்க்கடன் மனுவோடு சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். வரப்போகும் பன்னிரண்டு மாதத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்பதில்லை. ஏக்கர் வீதம் நிர்ணயித்த தொகை மஞ்சளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் காட்டுமேயன்றி, இன்ன குடும்பத்துக்கு எப்பொழுது வேண்டும் என்பதைக் காட்டாது. நூற்றுக்குப் பத்து என்று வீட்டுச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் பொதுவாக ஒதுக்கியிருப்பது, நெல்லைப்போல் களத்திலேயே விலைப்பொருளாகும் பயிருக்கு ஒருவேளை போதலாம். மஞ்சளுக்கு வேகவைத்து மெருகேற்றிச் சாக்குப் பிடிக்கும் செலவு மட்டும் உதாரணத்தில் 36,000. விதியின்படி கிடைப்பது வீட்டுச் செலவுக்கும் சேர்த்து 16,000. பதப்படுத்தி விற்கவேண்டிய பயிர்களுக்கு இந்தப் பங்கை உயர்த்தவும், அத்தொகையை வைகாசியில் கொடாமல் மாசி, பங்குனிக்கென்று நிறுத்திவைத்துக் கொடுக்கவும் மாவட்டக் குழுக்கள் ஆலோசிப்பது அவசியம். முன்கூட்டிக் கொடுத்தால் அது ஆடிப் பண்டிகையிலேயே கரைந்துவிடும் என்பதைக் குடியானவர்களே ஒப்புக்கொள்வர்.

கணக்குக்குப் பெரிய படிவம் வேண்டுவதில்லை. ஒரே தாளில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வரிகள். மாத ஆரம்ப இருப்பு, வயல் செலவு, வீட்டுச் செலவு, வரவு, மாத முடிவில் நிற்பது என ஐந்து பத்திகள். சித்திரையில் விற்ற பணம் கைக்கு வந்ததும், வைகாசி நடவுக்குக் கிழங்கு பேசுமுன், அந்தத் தாளை நிரப்பிச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடலாம். கூட்டுறவுச் சங்கக் காரியதரிசியும் விவசாய உதவி அலுவலரும் ஓர் உட்கார்வில் நான்கு குடும்பங்களுக்கு இதை எழுதிக் காட்டிவிட முடியும். எந்த மாதத்து வரியில் துண்டு மிகப் பெரிதாக நிற்கிறதோ, அந்த மாதத்தைப்பற்றித்தான் அவர்கள் பேசவேண்டும்.